இருநூற்று நாற்பத்தெட்டு இறாத்தல்

நீராவிப்பிட்டி,
முள்ளியவளை.
12.08.1961

அன்புத் தம்பி இஸ்ஸதீனுக்கு, ராத்தா சபூறாவின் ஸலாம்.

செட்டிகுளம் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் சுகம். மச்சான் சுகம் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கொழும்பில் உன் வயிற்றைக் கீறிய நாள் தொடங்கி, இங்கே நீ மூன்று கிழமை பாயில் கிடந்தது வரை, நோயாளி அவர்தான், அவரைப் பார்க்கத்தான் லீவு என்று அரிசி மில்லில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அந்த மனிசனோ ஒரு நாள் தவறாமல் தேத்தண்ணிக் கடையில் நின்று அப்பம் சுட்டார். சரி, சொன்னது சொன்னதுதான். யாராவது கேட்டால் மச்சான் தேறி வருகிறார் என்று சொல்.

உன் வயிற்றைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே. குடற்புண் வந்தது, டொக்டர் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் ஊர் உனக்கு ஒரு பட்டம் வைக்கும். நீ செத்தால் அந்தப் பட்டம் மையத்துக்குப் பின்னாலும் வரும். முதலாளியும் ஒரு நோயாளியை எத்தனை நாளைக்குத் தராசடியில் வைத்திருப்பார்?

நாளுக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு கைப்பிடி. மறக்காதே. நீ சாப்பிட்டாயா என்று கேட்டே பழகிய வாய் இது. இனி என்ன கேட்பது என்று தெரியவில்லை.

உன் ராத்தா,
சபூறா

*

செட்டிகுளம்
02.09.1961

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். தையல் போட்ட இடம் குனியும்போது மட்டும் இழுக்கிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவருடைய வருத்தத்தைப் பற்றி முதலாளி மூன்று தரம் விசாரித்துவிட்டார்.

சொல்வதில்லை என்றுதான் நானும் இருக்கிறேன். ஆனால் ஒளிப்பது பெரிய வேலையாக இருக்கிறது. தவிட்டு அறைக்குள் போய் நின்றுகொண்டு பாணில் ஒரு துண்டு, வாழைப்பழத்தில் பாதி என்று தின்கிறேன். வெளியே வரும்போது மீசையெல்லாம் தவிடு. என்னோடு மூட்டை நிறுக்கிற பாறூக், சொந்தத் தமையனைக் கூப்பிடுவது போல, "நானா, என்ன அடிக்கடி தவிட்டு அறைக்கை போறீங்கள்?" என்று கேட்கிறான். எலி பார்க்கிறேன் என்றேன். அவன் நல்ல எலிப்பொறி ஒன்று கொண்டுவந்து தந்திருக்கிறான்.

எனக்கு இதைவிடப் பெரிய யோசனை ஒன்று இருக்கிறது. மீராசாகிபு முதலாளியின் நேர்ச்சை உங்களுக்குத் தெரியும், ஆனால் நேரில் பார்த்ததில்லை. அவருடைய மகன் காய்ச்சலில் தப்பிய வருடம், ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு மனிதனின் நிறைக்கு அரிசி பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். எந்த மனிதன் என்று கேட்டபோது மில்லே ஒரே குரலில் என் பெயரைச் சொன்னது. அன்றிலிருந்து ஏழு வருடமாக, நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, நாலு பேர் என்னைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். போன முறை இருநூற்று நாற்பத்தெட்டு இறாத்தல். இப்போது உடுப்பெல்லாம் தொளதொளக்கிறது. மாசிக்குள் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

உங்கள் அன்புத் தம்பி,
இஸ்ஸதீன்

*

நீராவிப்பிட்டி
11.09.1961

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் எலியும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மச்சானுக்கு அப்பச் சட்டியில் கை சுட்டது தவிர வேறு வருத்தம் இல்லை.

மாசி மாதத்துக்கு இன்னும் எத்தனை மழை இருக்கிறது. அதற்குள் நீ நாலு இறாத்தல் ஏறாமலா போய்விடுவாய்? யாராவது மெலிந்துவிட்டாய் என்று சொன்னால் பல்வலி என்று சொல். பல்வலியைப் பார்த்து ஒருவரும் பொறாமைப்படுவதும் இல்லை, பயப்படுவதும் இல்லை.

மீன் கொண்டுவருகிற சூசையம்மா உன்னை விசாரித்தாள். உன் வயிற்றுக்கு இதம் என்று நான் திரளிக் கருவாடு கேட்டேன், போட்டுத் தந்தாள். அவளிடம்கூட நான் பல்வலி என்றுதான் சொன்னேன். பல்வலிக்காரனுக்கு ஏன் கருவாடு என்று அவள் கேட்கவில்லை, நல்ல காலம்.

உடம்பைக் கவனி.
சபூறா

*

செட்டிகுளம்
29.10.1961

அன்புள்ள ராத்தாவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. மச்சானின் கை ஆறியதா? நான் இருக்கிறேன்.

சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். முடியவில்லை. போன கிழமை மில்லில் என் தேத்தண்ணிக் கோப்பையின் பிடியில் யாரோ ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். மற்றக் கோப்பைகளோடு கலந்துவிடாமல் இருக்க. எனக்குக் கசநோய் என்று நினைக்கிறார்கள் ராத்தா. இருமல்கூட எனக்குக் கிடையாது. ஆனாலும் ஒரு பெரிய மனிதன் மூன்று மாதத்தில் இப்படி வற்றிப்போனால் வேறு என்னதான் நினைப்பார்கள்?

முந்தாநாள் பள்ளிவாசலில் கந்தூரி. ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். எங்கள் சகனில் இருப்பதற்கு முன்பெல்லாம் போட்டி, நான் இருந்தால் இரண்டாம் முறை சோறு கேட்கலாம் என்று. இந்த முறை நான் நாலு வாய் தின்றுவிட்டுக் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். கையை எடுத்து எழும்பினால் மற்றவர்களை அவமதித்ததாகும். அதனால் சோற்றை விரலால் தள்ளித் தள்ளி மற்றவர்கள் பக்கம் விட்டேன். என் கை பட்ட பக்கத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. பாறூக் மட்டும் வைத்தான். அவனும் கொஞ்சம் யோசித்துத்தான் வைத்தான்.

சொல்லிவிடட்டுமா? ஒரு நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைக்கிறேன், மறுநாள் வேண்டாம் என்று நினைக்கிறேன். தராசுக் கை ஒரு இடத்தில் நிற்காமல் ஆடினால் நான் நிறையை எழுத மாட்டேன். இப்போது நானே அப்படித்தான் இருக்கிறேன்.

பாறூக்கின் மனைவி ஸுஹறாவுக்குத் தண்ணீரூற்றுதான் ஊர். அடுத்த மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வருகிறாள். நீங்களும் போவீர்கள். அவளிடம் வாய் தவறிவிடாதீர்கள்.

உடன் பதில் எழுதுங்கள்.
இஸ்ஸதீன்

*

நீராவிப்பிட்டி
14.12.1961

தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது. வெள்ளம், தபால் சரியில்லை, எனக்கும் தும்மலும் தடிமனும். இப்போது எல்லோரும் சுகம். மச்சானின் கை ஆறிவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ சொல்லிவிடுவதுதான் நல்லது. குடற்புண்ணுக்கு வெட்டுவது களவா, கொலையா? கசம் என்று நினைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதலாளி உன்னை அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

கல்யாணத்துக்குப் போனேன். சோறு நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சபூறா

*

செட்டிகுளம்
22.12.1961

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஆறு கிழமை காத்திருந்து அரைப் பக்கம் கிடைத்தது. அதில் ஆட்டுக்கும் ஒரு வரி. தடிமன் விட்டதா? நான் சுகம். இது பொய் இல்லை, இப்போது கொஞ்சம் சுகம்தான்.

இங்கே ஒரு அதிசயம். என் கோப்பையில் இருந்த சிவப்பு நூலைக் காணவில்லை. பத்து நாளாயிற்று. ஸுஹறா தினமும் பாறூக்கிடம் அவித்த முட்டை ஒன்றும் ஒரு சின்னப் பேணியில் சவ்வரிசியும் கொடுத்துவிடுகிறாள். "கூடச் செஞ்சிட்டாவாம் நானா" என்று சொல்லி அவன் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். தினமும் எப்படி ஒருத்திக்கு ஒரு முட்டை கூடும் என்று எனக்கு விளங்கவில்லை. மூட்டையைப் பிடிக்கப் போனாலும் யாராவது வந்து வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான்.

நீங்கள் சொல்லச் சொல்கிறீர்கள். ஆவணியில் வேண்டாம் என்றவர் நீங்கள்தான். இப்போது நான் வேண்டாம் என்கிறேன். காரணம் இருக்கிறது, விடுங்கள். எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். நேற்று ஒருவரும் இல்லாதபோது ஏறிப் பார்த்தேன், நூற்றி எண்பத்தொன்று. சூசையம்மாவின் புருஷன் இராயப்புவிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு இருக்கும். வாடைக் காலம், வலை சும்மாதான் கிடக்கும். இருபது இறாத்தல் வாங்கி அனுப்புங்கள். அகலவாருக்குள் இரண்டு வரிசையாகத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே வாப்பாவின் பழைய கோட்டைப் போட்டால் கொஞ்சமாவது ஒப்பேற்றலாம். தராசில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன்.

இஸ்ஸதீன்

*

நீராவிப்பிட்டி
02.01.1962

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. வயிற்றை வெட்டினார்களா, மூளையை வெட்டினார்களா?

ஆறாத தழும்பின் மேல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறப் போகிறாயாம். தைத்த இடம் விட்டுப்போனால் அரிசியை உன் மையத்துக்குத்தான் கொடுக்க வேண்டி வரும். நான் வாங்கி அனுப்ப மாட்டேன். எனக்கு வந்தது புண், டொக்டர் வெட்டச் சொன்னார், வெட்டினேன் என்று மூன்று சொல் சொல்ல உனக்கு என்ன வில்லங்கம்? எனக்கு விளங்கச் சொல். சொல்லாமல் இனி எனக்குக் கடிதம் போடாதே.

கோபத்தோடுதான் முடிக்கிறேன். ஆனாலும் முட்டையைச் சாப்பிடு.

சபூறா

*

செட்டிகுளம்
12.01.1962

ராத்தாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

டொக்டர் வெட்டச் சொல்லவில்லை.

புண் இருந்தது உண்மை. அவர் மருந்து எழுதித் தந்தார். பால் குடித்து, உறைப்பை விட்டு, ஒரு வருடம் பார்ப்போம், அதற்கும் மாறாவிட்டால் வெட்டலாம் என்றார். வெளியே வாங்கில் ஒரு மனிதர் இருந்தார், முன்பு இதே புண்ணுக்கு வெட்டுவித்தவர். தன் பழைய படம் ஒன்றைக் காட்டினார். அதில் என்னைப் போலப் பருத்திருந்தார். இப்போது என்னில் பாதி. நான் திரும்ப உள்ளே போய், இப்போதே வெட்டிவிடுங்கள் ஐயா என்று கேட்டேன். டொக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். நோவு தாங்க முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று இடத்தில் எனக்குப் பெண் தரவில்லை, அது உங்களுக்குத் தெரியும். அதைக்கூடத் தாங்கினேன். அந்தத் தராசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் நாலு பேர் தூக்கும்போது ஊரே வாசலில் நின்று சிரிக்கும். "மில்லே ஆடுது, பிடியுங்கோ" என்பான் ஒருவன். "இன்னும் ரெண்டு சகன் குடுத்திட்டு நிறுத்திருக்கலாம்" என்பான் இன்னொருவன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவன் நான். பிறகு தவிட்டு அறைக்குள் போய் நிற்பேன். நான் அங்கே போகத் தொடங்கியது இந்த வருடம் அல்ல ராத்தா, ஏழு வருடத்துக்கு முன்பு.

அது ஏழைகளின் கஞ்சி. அதற்கு வெட்கப்பட்டு நான் உடம்பை வெட்டிக் குறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? புண் என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். என்னை நிறுக்கும்போது பாதிப் பொய் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் ஈயம் கேட்டேன்.

இஸ்ஸதீன்

*

நீராவிப்பிட்டி
24.01.1962

தம்பி,

முல்லைத்தீவில் இருந்து வவுனியா போகிற பஸ்ஸில் ஒரு பொதி கொடுத்துவிட்டிருக்கிறேன். வவுனியாச் சந்தியில் வாங்கிக்கொள். மேலே இருப்பது கருவாடு. அடியில் இருப்பது நீ கேட்டது, இருபது இறாத்தல். இராயப்புவிடம் மச்சான் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இராயப்புவும் கேட்கவில்லை.

தழும்புக்கு மேலே கட்டாதே. பழைய சேலை ஒன்று வைத்திருக்கிறேன், நாலாக மடித்து அடியில் வை.

சுகமாக இரு.

சபூறா

*

செட்டிகுளம்
04.02.1962

அன்புள்ள ராத்தாவுக்கு, மச்சானுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம். தையல் விடவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் மில்லுக்கு வந்தார்கள். நான் ஈயத்தைக் கட்டி, உங்கள் சேலையை அடியில் வைத்து, வாப்பாவின் கோட்டைப் போட்டிருந்தேன். வெயிலில் வியர்வை ஆறாக ஓடியது. வழக்கம் போல நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் பாறூக். அவன் கை என் இடுப்பில் பட்டதும் ஈயத்தில் முட்டியது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். மெதுவாக வைத்தான், முட்டையை வைப்பது போல.

நேர்ச்சை நாளில் என் நிறையை நானே பார்ப்பதில்லை. பாறூக்தான் பார்ப்பான். அவன் தராசுக் கையில், அந்தக் கம்பியில் ஓடுகிற குண்டை நேராகப் போன வருட இடத்தில் கொண்டுபோய் வைத்தான். என் பாரம் காணாமல் தராசுக் கை தொப்பென்று விழுந்து தொங்கியது. பக்கத்தில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவன் சத்தமாகச் சொன்னான், "இருநூற்று நாற்பத்தெட்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று.

"பாறூக், கை தொங்குது. திரும்பப் பார்" என்றேன்.

"சரியாத்தான் இருக்கு நானா."

"பதினொரு வருசமா இந்தத் தராசடியில ஒரு பொய் சொல்லேல்லை. எனக்காக நீ சொல்லாதே."

இறங்கி, கோட்டைக் கழற்றி, வாரை அவிழ்த்துக் கீழே போட்டேன். சீமெந்தில் விழுந்த சத்தத்துக்கு வாசலில் நின்றவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "குடற்புண். மருந்து காணுமெண்டுதான் டொக்டர் சொன்னவர். நான்தான் வெட்டச் சொன்னனான். இதில ஏறி இருக்கேக்க நீங்கள் சிரிக்கிறதை என்னால தாங்க ஏலாமல்தான் வெட்டினனான்" என்றேன்.

புண்ணும் வெட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது தெரிந்திருக்கவில்லை. முகங்களைப் பார்த்தால் விளங்கியது.

பாறூக் குனிந்து வாரை எடுத்துச் சுருட்டினான். பிறகு, "நாங்கள் சிரிக்கேக்க நீங்களும் சிரிச்சீங்கள்தானே நானா" என்றான்.

"ஓம். சிரிச்சனான்" என்றேன்.

முதலாளி கிட்ட வந்தார். "ஏறு இஸ்ஸதீன். பாறூக், ஒழுங்காப் பார்" என்றார். நூற்றி எண்பத்தொன்று. டிசம்பரில் நான் பார்த்த அதே நிறை. "நான் நேர்ந்தது ஒரு மனிசன்ர நிறை. அது இவ்வளவுதான். எழுது" என்றார். பள்ளிவாசல் லெப்பையும் நின்றார். நோன்பு பிடிக்க முடியாத நோயாளி, விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முப்பது நாளுக்கும் உள்ளதை நான் அங்கேயே என் கையால் அளந்து போட்டேன். ஒளித்திருந்தால் நோன்பும் இல்லாமல், இந்த அரிசியும் கொடுக்காமல் தவிட்டு அறைக்குள் நின்று பாண் தின்றிருப்பேன். இரண்டையும் சேர்த்தாலும் பழைய நிறைக்கு இன்னும் குறைவுதான். கஞ்சி கொஞ்சம் தண்ணியாக இருக்கும்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை ராத்தா. அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் வயிற்றைக் கொடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் இரண்டாம் முறை ஏறி இருந்தபோது, யாராவது ஒருத்தன் ஏதாவது பகிடி சொல்ல மாட்டானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர்களுக்கு யார் சொன்னது? பாறூக்கைக் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறான்.

இஸ்ஸதீன்

*

நீராவிப்பிட்டி
15.02.1962

என் தம்பிக்கு,

நோன்பு ஒன்பது போய்விட்டது. நானும் மச்சானும் சுகமாகப் பிடிக்கிறோம். நீ ஆறு தரமும் வெளிச்சத்தில் இருந்து சாப்பிடு. தவிட்டு அறையை எலிக்கு விடு.

சொன்னது நான். கல்யாண வீட்டில் ஸுஹறாவும் நானும் ஒரே சகனில் இருந்தோம். "ராத்தா, உங்கட தம்பிக்குக் கசமாமே, கோப்பையில நூல் கட்டியிருக்காம்" என்று அவள் கேட்டாள். கையிலெடுத்த சோற்றைத் திரும்பச் சகனில் வைத்தேன். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி, ஒருவருக்கும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கினேன். அவள் எத்தனை நாள் தாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ஆறு கிழமை உனக்கு எழுதக் கை வராமல் இருந்தது தடிமனால் அல்ல. என்னை மன்னித்துவிடு.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. உம்மா மௌத்தானபோது உனக்கு ஆறு வயது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். "என்ர அரிசி மூட்டை" என்று சொல்லிச் சொல்லித்தான் ஊட்டினேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். உனக்கு அது பிடிக்கும் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தைமாதக் கடிதத்தை வாசித்த அன்றுதான் அப்படி நினைப்பதை விட்டேன். அதனால்தான் ஈயத்தை வாங்கி அனுப்பினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி.

கடல் அடங்கத் தொடங்கிவிட்டது. சூசையம்மா இரண்டு தரம் வந்து போய்விட்டாள். இராயப்பு வலையை எடுத்துப் பார்த்தால் அடிக்கயிறு ஈயம் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதாம். "சபூறா, இவருக்கு இப்ப வலையில்லை, வெறும் துணிதான் கிடக்கு, மீன் என்ன தானா வந்து சுத்திக்கொள்ளுமே?" என்கிறாள். கேட்டு நான் சிரித்தேன். பெருநாள் முடிந்து நீ வரும்போது அவளே உனக்குச் சொல்லுவாள், அப்போது நீயும் சிரிக்கலாம். சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை.

ஈயத்தைச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடு. ஏற்றுவதற்கு முன் தராசில் நிறுத்து, நிறையைத் துண்டில் எழுதி வை. இருபது இறாத்தலுக்கு ஒரு குண்டு குறைந்தாலும் சூசையம்மா என்னோடு சண்டைக்கு வருவாள். நீ எழுதி வைத்தால் அவள் திரும்ப நிறுக்க மாட்டாள்.

உன் ராத்தா,
சபூறா